ஊசி போட்ட டாக்டர் யார்?

கேள்வி: டாக்டர் என்.எம்., டாக்டர் கொல்வின் என்கிறோமே, நம் இடதுசாரித் தலைவர்களில் உண்மையாகவே நாடி பிடித்தவர் யார்?
– தோட்ட வாசகர் ஒருவர், பதுளை

பதில்: அந்த இருவரிடமும் காய்ச்சல் என்று போயிருந்தால், ஒருவர் அரசியலமைப்பையும் மற்றவர் வரலாற்றையும் மருந்துச்சீட்டில் எழுதியிருப்பார். இருவருடையதும் ஆராய்ச்சிப் பட்டம்! ஸ்டெதஸ்கோப் மாட்டியவர் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க. 1931இல் மொரவக்கையிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். 1935இல் அந்த இருவரோடும் சேர்ந்து லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர். ஸ்டாலினா, ட்ரொட்ஸ்கியா என்ற தகராறில் அங்கிருந்து விலக்கப்பட்டு, 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கினார். மனைவி டொரீனும் 1952இல் அக்குரஸ்ஸ எம்.பி. ஆனார்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1940இல் உங்கள் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்து, தொழிலாளர் சபையுடன் கலந்தாலோசிக்கத் துரையைச் சம்மதிக்க வைத்தது சமசமாஜச் சங்கம். அதாவது, லயத்து நோய்க்கு வைத்தியம் பார்த்தது ஊசி போடத் தெரியாத டாக்டர்களின் கட்சி! ஆனாலும் வயிற்றுவலி வந்தால் தோட்டத்து டாக்டரையாவிடமே போங்கள்.