சொம்பும் ஒரு மணி பிளாண்டும்

மணி பிளாண்டைச் சாகடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பசிபிக் பெருங்கடலின் மூரேயா தீவில் பிறந்த கொடி அது. இலங்கைக்குப் போய், கண்டி நகரின் உடவத்தகெலே காப்புக்காட்டில் மரங்களையே மூடிப் படர்ந்துவிட்டது. வீட்டில், மண்ணே இல்லாமல் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில்கூட மாதக்கணக்கில் காலம் தள்ளும்.

அப்பேர்ப்பட்ட செடியைக் கொல்ல ஒரு சொம்பு போதும்.

முதன்முதலாகச் செடி வாங்கிய சென்னைக் குடித்தனக்காரர் காலையில் ஒரு சொம்பு ஊற்றுவார், ஆபீஸ் விட்டு வந்ததும் இன்னொன்று. அழகுக்காக வாங்கிய பீங்கான் தொட்டியில் அடி ஓட்டை கிடையாது. காவிரிக்கு வராத தண்ணீரெல்லாம் அங்கே தேங்கும். வேருக்கும் மூச்சு வேண்டும். மண் இடுக்கில் இருந்த காற்றைத் தண்ணீர் விரட்டிவிட்டால் வேர் அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை தொங்கிப்போகும். "ஐயோ, தாகத்துல வாடுதே!" என்று மூன்றாவது சொம்பு வரும்.

"தெனம் ஊத்தாதடா, மண்ணத் தொட்டுப் பாரு" என்று ஊரிலிருந்து அம்மா போனில் சொன்னது காதில் ஏறவில்லை. மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பாசனம் அவ்வளவுதான்.

உபதேசத்துக்கோ பஞ்சமில்லை. திருடி வைத்தால்தான் பணம் சேருமாம். நர்சரியில் பில் போட்டு வாங்கியவர் எங்கே போவார்? கேட்டாலே எதிர்வீட்டு மாமி ஒரு துண்டு நறுக்கித் தருவார். அதில் கணு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் காம்பிலிருந்து கொடி வராது. வாஸ்துப்படி தென்கிழக்கு மூலை உத்தமமாம். அங்கே கேஸ் அடுப்பு எரிகிறது.

காற்றைச் சுத்தம் செய்யும் என்பது அடுத்த ஆசை. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-இல் வெளியான நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் வழியே காற்று வந்துபோகும் வீட்டுக்கு அது செல்லாது. காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 வரை தேவை என்று 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அத்தனையும் வைத்தால் வீட்டுக்காரர் மொட்டைமாடியில்தான் படுக்கவேண்டும்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. சேனைக்கிழங்கின் உறவுக்காரக் கொடி இது. இலையிலும் தண்டிலும் உள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயில் பட்டால் எரியும், வீங்கும். குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். சொம்பு எட்டாத உயரமாக இருந்தால் இன்னும் நல்லது.