இடி விழுந்த துரையும் ரோதை முனியும்

ரோமாபுரிச் சக்கரவர்த்தி கொம்மோடசுக்கு ஒரு கோளாறு. நாட்டை ஆளச் சொன்னால் அரங்கத்தில் இறங்கி மிருகங்களைக் கொல்வார். யானைகூடத் தப்பவில்லை. சரித்திரக்காரர்கள் இன்றுவரை அவரைத் திட்டித் தீர்க்கிறார்கள். பாவம், அவர்கள் பதுளைப் பக்கம் வந்ததில்லை. இங்கே வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரம் பண்ணிய மேஜர் ரொஜர்ஸ் சுட்டுத் தள்ளிய யானைகள் 1,400 என்று கணக்குச் சொல்வார்கள். நடுநடுவே ரோடும் போட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1845 ஜூனில் அப்புத்தளையில் மழை விட்டதா என்று பார்க்க விறாந்தைக்கு வந்தார், இடி விழுந்தது. நுவரெலியாவில் புதைத்தார்கள். கல்லறையையும் இடி விடவில்லை என்பது ஊர்ப்பேச்சு. இடிச்சாமி ஜூப்பிட்டர் குறி தப்பாமல் அடித்தார் என்று சொல்லிவிட்டு ரோமர்கள் பேசாமல் இருந்திருப்பார்கள். வெள்ளைக்காரர்களோ அவர் நினைவாகப் பதுளையில் புனித மார்க் தேவாலயம் கட்டினார்கள். யானைகளிடம் நன்கொடை கேட்டதாகத் தெரியவில்லை.

ரோமர்கள் முன்யோசனைக்காரர்கள். கதவுக் கீலுக்கே ஒரு தெய்வம் வைத்திருந்தார்கள். பயிரில் துருநோய் பிடிக்காமல் காக்க ரொபிகஸ் என்றொரு சாமி. ஏப்ரல் 25இல் அவருக்கு ஒரு நாயைப் பலி கொடுத்தால் போதும். நம்ம துரைமாருக்கு அந்த ஏற்பாடு இல்லை. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைக்கு அடியில் மஞ்சள் பொடி தெரிந்தது. சுமார் இருபது வருஷத்தில் இலங்கைக் கோப்பி சாம்ராஜ்யமே படுத்துவிட்டது. ஒரு நாயோடு போயிருக்க வேண்டிய விஷயம்.

கோப்பி போய்த் தேயிலை வந்தது, துரைத்தனம் போகவில்லை. ரோமில் பெரிய மனிதர் வாசலில் விடியற்காலையிலேயே அண்டிப் பிழைப்பவர்கள் கூடிக் கும்பிடு போடுவார்கள். கூடையில் சாப்பாடோ சில்லறையோ கிடைக்கும். இங்கே ஊவாத் தோட்டங்களில் தப்புச் சத்தத்துக்கு எழும்பிப் பெரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளர்களுக்கும் கூடை உண்டு. காலியாக. நிரப்பிக் கொடுக்க வேண்டியது இவர்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அங்கே விடுதலையான அடிமைக்குத் தொப்பி. இங்கே தோட்டம் மாறுகிறவருக்குக் கடன் தொகை எழுதிய துண்டு. அது ஒழிய 1921 ஆயிற்று. ரோமில் சக்கரவர்த்தி செத்த பிறகுதான் செனட் கூடி அவரைத் தெய்வமாக்கும். பெரிய துரை அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. எதிரே வந்தால் குடையை மடக்கி ஒதுங்க வேண்டும் என்றால், வேறென்ன பெயர் அதற்கு?

ஆனால் அந்தச் சாமிக்குச் சம்பளத்தை வெட்டத் தெரியும். மெசின் கையை வெட்டினால் தடுக்கத் தெரியாது. ஆகவே நம்மாட்கள் ரோமர் வழியில் இறங்கினார்கள். மாரியம்மனும் முனியாண்டியும் கூடவே கடல் தாண்டி வந்தவர்கள்தான், போதவில்லை. கவ்வாத்துக் கத்தி காலில் படாமலிருக்கக் கவ்வாத்துச் சாமி, ஸ்டோரில் சுற்றுகிற சக்கரத்துக்கு ரோதை முனி என்று ஆளுக்கொரு துறை ஒதுக்கினார்கள். ஒரு சேவலும் ஒரு கட்டு ஊதுபத்தியும்தான் சம்பளம்; அரைப்பேர் கிடையாது.

1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைத் திரும்பவும் கம்பெனிகளிடம் கொடுத்தது. போர்டு மாறியது, லெட்டர்ஹெட் மாறியது, துரைகூட நம்ம நிறத்துக்கு மாறினார். ரோதை முனியை மட்டும் யாரும் சுவீகரிக்கவும் இல்லை, குத்தகைக்கு எடுக்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட அவர் ஆபீசுக்கு இறங்கி வந்திருப்பாரா என்ன?