ஒரு மேடு கிடையாது தம்பி

கால்மாரில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்: "ரிக்விர் பதிமூணு கிலோமீட்டர். ஒரு மேடு கிடையாது தம்பி." இந்த அண்ணனை உங்களுக்கும் தெரியும். ஊர் வேண்டுமானால் மாறியிருக்கும், மேடு மாறியிருக்காது.

அண்ணனுக்குத் தெரியாத புள்ளிவிவரம் இல்லை. பிரான்ஸின் அல்சாஸ் ஒயின் சாலை 1953-இல் தொடங்கியது, நீளம் 170 கிலோமீட்டர் என்று வண்டியை மிதித்துக்கொண்டே ஒப்பிப்பார். கால்மார் கடல்மட்டத்திலிருந்து 190 மீட்டர் சொச்சம், ரிக்விர் 300 பக்கம் என்பதை மட்டும் நான் மூச்சு வாங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கேட்டால், "இது மேடு இல்ல தம்பி, லேசா ஏறும்." இன்னும் கொஞ்சம் போனதும், "இதுவும் மேடு இல்ல, எதிர்க்காத்து." இலை அசையவில்லை.

எழுபதுக்குக் குறையாத ஒரு பாட்டி மின்சார சைக்கிளில் வந்தார். 'போன்ஷூர்' என்று ஒரு புன்னகை, வியர்வைத் துளி இல்லாமல் மேலே போய்விட்டார். நானும் அதைத்தான் கேட்டேன், கடையில். "அதெல்லாம் சைக்கிளா? மொபெட்டு!" என்று தடுத்தவர் அண்ணன்.

ரிக்விரில் மரச்சட்டம் போட்ட வீடுகள், ஜன்னலெல்லாம் சிவப்புப் பூத்தொட்டி. அண்ணன் எதையும் பார்க்கவிடாமல் ஒரு ஒயின் நிலவறைக்குள் இழுத்துப்போனார். கெவுர்ஸ்திராமினர் ஒயினைச் சுழற்றி முகர்ந்தார். பன்னீர் ரோஜா வாசனை என்றார். அது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்துப் பாடம் ஆரம்பித்தது. நல்ல திராட்சை சரிவில்தான் விளையும். வெயில் முழுசாக விழும், குளிர்காற்று கீழே இறங்கிவிடும், மழையை வோஸ்ஜ் மலை மறித்துக்கொள்ளும். 'கிராண்ட் க்ரூ' என்று பெயர் வாங்கிய 51 தோட்டங்களும் அப்படித்தானாம்.

"அப்ப இங்க முழுக்கச் சரிவுதானே, அண்ணே?"

"அது தோட்டத்துக்கு தம்பி. ரோட்டுக்கு இல்ல."

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே அவர் ஆறு பாட்டில் வாங்கினார். அல்சாஸ் பாட்டில் ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். ஆனாலும் ஒன்று ஒன்றேகால் கிலோ தேறும். அவர் வண்டியில் கூடை இல்லை. என் வண்டியில் இருந்தது. கூடை உள்ள வண்டியாகப் பார்த்து எனக்கு எடுத்துக் கொடுத்தவர் யார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காசு அவருடையது, பாட்டில் அவருடையது, முழங்கால் என்னுடையது. இது நியாயமே இல்லை.

அங்கிருந்து ஊனாவிர். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஏறி இறங்கி ஏறுகிற பாதை. பாதி ஏற்றத்தில் என் செயின் கழன்றது. அண்ணன் தம் வண்டியை அப்படியே புல்லில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் பல்சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியாக ஏற்றினார். மசியைத் துடைக்க வேறு துணி கிடைக்காமல், புதுக் கால்சட்டையிலேயே தேய்த்துக்கொண்டார். அவர் பாட்டிலில் மிச்சமிருந்த ஒரு வாய்த் தண்ணீரையும் எனக்கே நீட்டினார். இந்த மனிதரைத் திட்டவும் முடியாமல் செய்துவிடுவார்.

ஊனாவிரில் நாரைகளை வளர்க்கும் மையம் ஒன்று இருக்கிறது. தலைக்கு மேலே ஒன்று பறந்துபோனது. சத்திமுத்தப் புலவர் மனைவிக்குத் தூது விட்ட அதே செங்கால் நாரை. என் மனைவி கால்மாரில், வாய்க்கால் ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே அண்ணன் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தலைவலி" என்று சொன்ன புத்திசாலி. அவளுக்கு ஒரு தூது சொல்லி அனுப்பலாமா என்று பார்த்தேன். நாரை நிற்கவில்லை.

"அந்த சர்ச் தெரியுதா தம்பி? அது வரைக்கும்தான்."

தெரிந்தது. ஊருக்கு மேலே, தோட்டங்களுக்கு நடுவே, கோட்டை மாதிரி மதிலோடு, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நின்றது.

"ஒரு மேடு கிடையாது" என்றார் அண்ணன், வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டே.