அட்டவணையார்

சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அடுத்த ஆண்டின் பொது விடுமுறைகளை அறிவித்த அன்றே அட்டவணையார் வேலையைத் தொடங்கிவிடுவார். அலுவலக வேலையை அல்ல. எந்த விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது, அதற்கு ஈடாக எந்தத் திங்கள் கிடைக்கிறது, எந்த வெள்ளிக்கு விடுப்புப் போட்டால் நான்கு நாள் சேரும் என்று பார்த்துவிட்டு, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவார்: "சும்மா, ரிலாக்ஸா ஒரு பினாங்கு ட்ரிப் போவோமா?"

அந்தச் 'சும்மா'வை நம்பி எல்லோரும் கட்டைவிரலைக் காட்டுவார்கள். மறுநாள் எக்செல் கோப்பு வந்து சேரும்.

கோப்பில் சாப்பாட்டுக்குப் பச்சை, கோயிலுக்கு மஞ்சள், படம் எடுக்கச் சிவப்பு. ஓய்வுக்கு நீலம். தேடிப் பார்த்தால் மொத்தக் கோப்பிலும் ஒரே ஒரு நீலக் கட்டம் அகப்படும்: சனிக்கிழமை மாலை 4.15 முதல் 5.00 வரை, பத்து ஃபெரிங்கி கடற்கரை. அதற்கும் ஓர் அடிக்குறிப்பு உண்டு: 4.50க்கே காலில் ஒட்டிய மணலைத் தட்டத் தொடங்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அட்டவணையாருக்குப் பயணம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அவரைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஒரே சக்தி மலேசியக் குடிநுழைவுத் துறை. 2024 முதல் வெளிநாட்டினர் மின்னிலக்க வருகை அட்டை நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு, குழுவில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இல்லை. பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் அதை நிரப்ப முடியும். எதையும் முன்கூட்டியே முடித்துவிடும் மனிதரை இப்படிக் காக்க வைப்பது பெரும் பாவம். அந்த நாள் பிறந்ததும் நள்ளிரவு தாண்டிய முதல் நிமிடத்தில் குழுவில் இணைப்பு வந்து விழும். "தூங்கிட்டீங்களா?" என்று பின்னாலேயே ஒரு விசாரிப்பும் வரும்.

மலாக்காவோடு சேர்த்து 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பிடித்த ஊர் பினாங்கின் ஜார்ஜ் டவுன். பழைய கடைவீடுகளின் முன்னால் நிழலோடு நீளும் நடைபாதையில் கால் போன போக்கில் திரியலாம். அட்டவணையாரோடு வந்தால் அவர் கால் போன போக்கில்தான் போக வேண்டும். ஆர்மீனியன் தெருவில், லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜகாரெவிச் 2012இல் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகளின் சுவரோவியம் இருக்கிறது. சைக்கிள் மட்டும் நிஜம், சுவரில் பதித்தது. படம் எடுக்க வரிசை நிற்கும். ஆளுக்கு ஒரு படம் என்பது அட்டவணையாரின் சட்டம்; கண்ணை மூடிவிட்டால் மறுவாய்ப்புக் கிடையாது.

அவரது கைவரிசை முழுதாகத் தெரியும் இடம் நாசி கண்டார் கடை. 1907இல் தொடங்கிய ஹமீதியாவில் சோற்றுத் தட்டு நீள்கிறது. கடைக்காரர் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, இறைச்சிக் குழம்பு என்று ஒவ்வொரு கரண்டியாக ஒன்றன்மேல் ஒன்று ஊற்றுகிறார். ஓரத்தில் வெண்டைக்காய். நண்பர் ஒருவர் இன்னொரு துண்டு மீனுக்காகக் கையை நீட்டுகிறார்.

"டேய், அரை வயிறு போதும். 11.15க்குச் செண்டோல் இருக்கு."

"இதுவே இன்னும் இறங்கலைடா!"

"இறங்கறதுக்குத்தான் இருபது நிமிஷ நடை போட்டிருக்கேன்."

பினாங்குக் கொடிமலையில் 1923 முதல் மலை ரயில் ஓடுகிறது. முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011இல் வந்த புதிய ரயில் நேராக உச்சிக்கே போய்விடுகிறது. மிச்சமான நேரத்தில் ஒரு தேநீர் குடிக்கலாம் என்று நினைப்பது மனித இயல்பு. அட்டவணையார் அந்த நேரத்தைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஒதுக்கியிருப்பார். அங்கே 500க்கு மேற்பட்ட படிகள். சூரியனும் அவர் பக்கம்தான். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்திக்கொண்டதால், பினாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் பொழுது சாய்கிறது. "இன்னும் வெளிச்சம் இருக்கு, ஒரு இடம் பார்த்துடலாம்" என்பார்.

ஒருமுறை நண்பர்கள் புரட்சி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அட்டவணை கூடாது என்று தீர்மானம். காலையில் ஹோட்டல் வரவேற்பறையில் கூடினார்கள். "எங்க போலாம்?" "எங்க வேணாலும்." "நீ சொல்லு." "நீயே சொல்லு." ஒரு மணி நேரம் இப்படியே கழிந்தது. பசியில் ஆளுக்கு ஒரு பன்னை வாங்கிக் கடித்துக்கொண்டு கடைசியில் அட்டவணையாரையே பார்த்தார்கள். "நான் வாயே திறக்கலை" என்றவர், கைப்பேசியை மட்டும் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு அட்டவணைகள் தயாராக இருந்தன. ஒன்று மழை பெய்தால்.

இப்படிப்பட்டவரோடு பினாங்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பட்டர்வொர்த்துக்குப் போகும் படகுப் பயணத்தை எப்படியாவது அவருடைய கோப்பில் நுழைத்துவிடுங்கள். 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. கடக்கச் சுமார் கால் மணி நேரம். அதுவரை அட்டவணையாரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.