பத்து-பதினொன்று

டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிகிறது என்று இவர்களிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. "பானெட்டைத் திறங்க" என்று சட்டைக் கையை மடித்துவிடுவார்கள். சிவப்பா மஞ்சளா, எப்போது எரிகிறது, ஓடும்போதா நிற்கும்போதா, ஒன்றும் கேட்க மாட்டார்கள். நோயாளி செருப்பைக் கழற்றுவதற்குள் ஊசியில் மருந்து ஏற்றிவிடுகிற டாக்டர் ஜாதி.

"இது மெக்கானிக்கல் இல்ல சகலை. எலக்ட்ரிக்கல்."

ஆம், இந்த வகையினர் பெரும்பாலும் யாருக்காவது சகலையாக அமைவார்கள். பொதுவாகத்தான் சொல்கிறேன். பொதுவாக ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பார்கள். பொதுவாக ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லிச் சட்டி இறங்கும் நேரத்தில் வருவார்கள். பொதுவாக இடது மூக்கில் ஒரு மரு இருக்கும்.

அவர்களுடைய மொத்த ஆஸ்பத்திரியும் ஒரே ஒரு ஸ்பேனருக்குள் அடக்கம். பத்து-பதினொன்று. பதினொன்று முனை கடையில் வாங்கிய அன்றைய பளபளப்போடு இருக்கும். பத்து முனை தேய்ந்து பல்லை இளிக்கும். ஏனென்றால் பேட்டரி டெர்மினல் நட்டு பத்து. வைத்தியமும் ஒன்றுதான்: பேட்டரி வயரைக் கழற்றுவது, பத்து நிமிஷம் காத்திருப்பது, மறுபடி மாட்டுவது. ஏர்பேக் விளக்கா, கழற்று. ஏ.சி. கூலாகவில்லையா, கழற்று. கதவு கிரீச்சிட்டால்கூட அவர்கள் கண் பேட்டரிப் பக்கம்தான் போகும்.

'அவர்கள்', 'இவர்கள்' என்று எழுதிக் கை வலிக்கிறது. அவர் என்றே வைத்துக்கொள்வோம்.

"எப்பவும் மைனஸைத்தான் முதல்ல கழட்டணும்" என்பார். அது சரியான பேச்சுதான், மறுக்கவில்லை. கழற்றிய வயரை ஒரு பழைய பனியன் துணியில் சுற்றி, தூங்குகிற குழந்தையை நகர்த்துவதுபோல ஓரமாகப் படுக்க வைப்பார். "மெமரி இறங்கணும் சகலை. அவசரப்படக் கூடாது." மெமரி இறங்குகிற வரையில் முதல் காப்பி. அப்புறம் அவர் ஒரு காலத்தில் வைத்திருந்த பத்மினி காரின் வரலாறு. அப்புறம் இரண்டாவது காப்பி. அவர் கைக்கடிகாரத்தில் பத்து நிமிஷம் ஆகும்போது எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் முக்கால் மணி ஆகியிருக்கும்.

மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டுக் கடிகாரம் 12:00 என்று காட்டும். எஃப்.எம். ஸ்டேஷன்கள் எல்லாம் காணாமல் போயிருக்கும். ஒரே தட்டில் இறங்கிய ஜன்னல் கண்ணாடி, விரலை எடுத்தால் நின்றுவிடும். மெமரி நன்றாகவே இறங்கியிருக்கும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் மெமரி ஒட்டிக்கிட்டிருக்கு" என்பார்.

மூன்றாவது காப்பி.

அவருக்கு வேறு பழக்கங்களும் உண்டு. டயரை உதைப்பார். ஆயில் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்ப்பார். அதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

என் வண்டி 2014 மாடல். கார்களுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம் என்று ஆனது 2019 ஏப்ரலில். அதற்கு ஐந்து வருஷம் முன்பே கூடுதல் காசு கொடுத்து ஏபிஎஸ் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கியவன் நான். அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் வயிறும் சேர்ந்து எரியும். சகலை வந்தார், கழற்றினார், மாட்டினார். விளக்கு அணைந்துவிட்டது! என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணமான நாள் முதலான கணக்கு இருந்தது. "அத்தான் லீவு நாளும் அதுவுமா வந்து பாக்கறார். நீங்க என்னடான்னா காப்பியை எண்ணிக்கிட்டிருக்கீங்க."

தெருமுனை தாண்டி வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் விளக்கு மறுபடி எரிந்தது. போன் செய்தேன். "நின்னுட்டிருந்தப்ப சரியாத்தானே இருந்துச்சு?" என்றார். நிற்கிற வண்டிக்கு எதற்கு பிரேக் என்று நாக்கு நுனி வரை வந்தது. மூத்த சகலை. விழுங்கிக்கொண்டேன்.

பாலக்கரைப் பக்கம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அவரிடம் போனதும், வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார்! கண்ணில் நீர் வந்துவிட்டது. "எப்ப வருது? வளைக்கும்போதா, பள்ளத்துல இறங்கும்போதா?" ஸ்கேனரைச் சொருகினார். முன் இடது சக்கரத்துச் சென்சார் என்று வந்தது. சென்சார் மாற்ற வேண்டும் என்று பில் புத்தகத்தை எடுப்பார் என நினைத்தேன். எடுக்கவில்லை. சென்சார் வயரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, என்னை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். நேராக இருக்கும்போது மீட்டர் 'பீ...' என்று ஓயாமல் கத்தியது. இடது பக்கம் முழுக்க ஒடித்தேன். சத்தம் நின்றது. நேராக்கினேன், கத்தியது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் சக்கரத்தோடு சேர்ந்து வளைந்து வளைந்து, மேல் தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்பு முறிந்திருக்கிறது. அந்த அரை அங்குல முறிவுக்கு பேட்டரி வயரைக் கழற்றினால் என்ன, கழற்றாவிட்டால் என்ன?

"இது வரைக்கும் யாராச்சும் பேட்டரி வயரைக் கழட்டினாங்களா சார்?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. "சில வண்டியில அதுல கோடு அழிஞ்சிரும். திருடன் கைரேகையை நாமளே துடைச்சி விட்ட மாதிரி" என்றார்.

விஷயம் கேள்விப்பட்ட சகலை முகம் மலர்ந்தது. "நான் அப்பவே சொன்னேனே, எலக்ட்ரிக்கல்னு!"

மஞ்சள் விளக்கு போகட்டும். சிவப்பு விளக்கு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு அது. வளைவுகளில் மட்டும் மினுக்கென்று வந்து போனது. பேட்டரி வைத்தியம் இரண்டு ஞாயிறு நடந்தது. மூன்றாவது ஞாயிறு ஏதோ செய்தார், விளக்கு சுத்தமாக நின்றது. இரண்டு மாதம் நிம்மதியாக ஓட்டினேன். ஒருநாள் பிரேக் மிதித்தால் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். மெக்கானிக் பானெட்டைத் திறந்து கூப்பிட்டுக் காட்டினார். பிரேக் ஆயில் டப்பாவின் கனெக்டர் பிடுங்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, அழகாக ஓரத்தில் கட்டி வைக்கப்பட்டிருந்தது.

டப்பாவுக்குள் ஒரு மிதவை உண்டு. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் போகும், டப்பாவில் மட்டம் இறங்கும், மிதவையும் இறங்கி விளக்கை எரிய வைக்கும். எல்லைக்கோட்டில் இருக்கும்போது வளைவில் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும், விளக்கு மினுக்கும். வண்டி சொன்னது முழுக்க நிஜம். வயர், ஸ்விட்ச், பல்பு எல்லாம் சரியாக வேலை செய்தன. சரியாக வேலை செய்ததுதான் அவர் கண்ணுக்கு எலக்ட்ரிக்கல் கோளாறாகத் தெரிந்திருக்கிறது. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருடன் இல்லை என்று படுக்கச் சொல்லிவிட்டார். பின் சீட்டில் என் பேத்தி உட்கார்ந்து வந்த இரண்டு மாதம் அது. இதை அவரிடம் நேரில் சொல்லத் தைரியமில்லாமல்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன மார்கழியில் சென்னையிலிருந்து திரும்பும்போது, பாடாலூர் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். குடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. அவ்வளவுதான். பாலக்கரைக்காரர் போனை எடுக்கவில்லை. என் மனைவி அதற்குள் யாரைக் கூப்பிட்டிருப்பாள் என்று கேட்கவே வேண்டாம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில், அந்தப் பனியில், குரங்குக் குல்லாயோடு வந்து இறங்கினார். அறுபத்தெட்டு வயது. குளிரில் விரல் மடங்கவில்லை. ஸ்பேனரை எடுத்தார். பேட்டரி கிளாம்பைத் தொட்டார், அது அவர் கையோடு சுழன்றது. ஈயக் கிளாம்பு. ஞாயிறுதோறும் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, வாய் அகன்றுபோயிருந்தது. நட்டைக் கடைசி வரை முறுக்கினார், பிடிக்கவில்லை. டீக்கடைக்காரரிடம் மெல்லிய தகரத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, இடுக்கில் செருகி இறுக்கினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.

"பாத்தீங்களா சகலை? எது எப்படிப் போனாலும் கடைசியில பேட்டரி வயர்லதான் வந்து நிக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு டீ சொன்னேன். டேஷ்போர்டுக் கடிகாரம் வழக்கம்போல 12:00 என்று காட்டியது. எதற்கும் இருக்கட்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு.