தறிவிலைக்கே பட்டு: குடும்பஸ்தர்களுக்கு ஒரு கையேடு

கல்யாணம் நிச்சயமானதும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிறீர்களோ இல்லையோ, நெசவாளர் ஊரில் ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடுங்கள். காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஐயம்பேட்டையில் உங்களுக்கு யாராவது இல்லாமலா போவார்கள்? ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்தி போதும். பதினைந்து வருடமாக நல்லது கெட்டதுக்கு எட்டிப் பார்க்காதவர்கள்கூட, "கடையில வாங்கினா அவன் லாபத்தையும் சேர்த்துல்ல கொடுக்கணும்" என்று ஒருநாள் என் வாசலில் வந்து இறங்குகிறார்கள். தறிக்குழியில் உட்கார்ந்தபடி அவர்களிடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டி. சென்னையிலிருந்து ஏழு பேர் உட்காரும் கார் எடுங்கள். புடவை கட்டப்போகும் பெண்ணுக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பேரம் பேசும் பெரியம்மா கட்டாயம் வரவேண்டும். வாடகை, சுங்கம், வழியில் தின்ற நெய் ரோஸ்ட் எதையும் புடவைக் கணக்கில் எழுதாதீர்கள். வந்த கையோடு வரதராஜரையும் காமாட்சியையும் சேவித்துவிட்டால் அது கோயில் செலவு. காஞ்சிபுரத்துக்குள் நுழைந்ததும் வெளியூர் நம்பரைப் பார்த்துவிட்டு ஒருவர் பைக்கில் பக்கத்திலேயே வருவார். "நேரா தறிக்கே கூட்டிட்டுப் போறேன் சார்" என்பார். அவர் கமிஷன் உங்கள் பில்லுக்குள்தான் இருக்கும். பெட்ரோல் அவருடையதுதானே என்று ஆறுதல் கொள்ளலாம்.

அடுத்தது பட்டுச் சோதனை. சில்க் மார்க் முத்திரை 2004 முதல் இருக்கிறது. அது பட்டுக்குத்தான் சாட்சி, ஜரிகைக்கு அல்ல என்பது நம் ஆட்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் முத்திரையை நம்புவது சோம்பேறிகள் வேலை. ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகிய நாற்றம் வந்து, சாம்பல் விரலில் தூளானால் பட்டு. ஆளுக்கு ஓர் இழை கேட்டு வாங்கிக் கொளுத்துவது நல்லது. போன தையில் ஒரு மாமா இழையை உருவாமல் முந்தானைக் குஞ்சத்திலேயே தீப்பெட்டியை உரசினார். பட்டுதான் என்று நிரூபணமாயிற்று. அது யார் கணக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.

இனி பேரம். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. வெள்ளி ஏறினால் ஜரிகையும் ஏறும். அவர்களிடம் போய் "நம்ம வீட்டுக் கல்யாணம், பார்த்துப் போடுங்க" என்று சொல்ல முடியுமா? மிச்சம் இருப்பது கூலி. அதில் கை வையுங்கள். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, எதிர்க்கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஓர் ஆள். பேட்னி போட்டால் உடல் பாவையும் முந்தானைப் பாவையும் இழை இழையாக முடிய வேண்டும். இதையெல்லாம் நான் விளக்கும்போது குறுக்கே பேசாமல் தலையாட்டுங்கள். டீ குடித்து முடித்துவிட்டு, "அதெல்லாம் சரிங்க மாமா, கூலியை நமக்காக விட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள்.

தறியில் இருக்கும் புடவை என்னுடையதே இல்லை, பாவும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது, எனக்குக் கூலி மட்டும்தான் என்று நான் சொல்வேன். நம்பாதீர்கள். விலையேற்றத் தந்திரமாகத்தான் இருக்கும்.

கோ-ஆப்டெக்ஸ் என்று ஒன்று 1935 முதல் இருக்கிறது. தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளும் இருக்கின்றன. கார் வேண்டாம், சொந்தக்காரனும் வேண்டாம். ஆனால் அங்கே விலைச்சீட்டில் அச்சடித்ததுதான் விலை. வாயைத் திறக்காமல் மிச்சமாகும் பணத்தில் பெரியம்மாவுக்கு என்ன சந்தோஷம்?

பெரியம்மா கடைசியில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பைக்கில் வந்த அந்த ஆளோடு போய்ப் பாதி விலையில் ஒன்று வாங்கினார். நான்கு வருடம் கழித்து, சாயம் மங்கி ஜரிகை கறுத்த அதே புடவையை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருவுக்குப் பழைய பட்டு எடுக்கிறவர் வருவார். ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கிற தொழில் அது. அன்று என் அம்மாவின் கல்யாணப் புடவையில் ஜரிகையை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தது. தராசை எடுத்தார். பெரியம்மாவுடையதைச் சுரண்டினார். வெள்ளை நூல். தராசைத் தொடவே இல்லை.

"இதுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் தரலாம்மா."

பெரியம்மா முக்கால் மணி நேரம் பேசினார். குடத்தோடு ஒரு மூடியும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.