சுத்திப் போனா என்ன?

2005 ஜூன் முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவை செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அழைத்துப் போனேன். நான் அப்போது ஸ்காட்லாந்தில், டண்டீயில் வேலையில் இருந்தேன். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா முதல்முறையாகக் கடல் தாண்டி வந்திருந்தார். கோல்ஃப் மட்டையைப் பிடித்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது ஆட ஏங்கும் ஓல்ட் கோர்ஸை அவரிடம் காட்டும்போது எனக்குக் குரலே சற்று உயர்ந்துவிட்டது. அடுத்த மாதம் இங்கேதான் ஓப்பன் போட்டி. டைகர் வுட்ஸ் வருகிறார், ஜாக் நிக்லஸ் கடைசியாக ஆடப்போகிறார் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

அப்பா வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்தில் ஆட்டம் கிடையாது. ஊர் சனம் உலாவ வரும். பிள்ளைகள் ஓடினார்கள், நாய்கள் உருண்டன, கடற்கரைக்குப் போகிறவர்கள் முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் குறுக்கே ஓடும் சாலையில் நடந்து போனார்கள். மேடும் பள்ளமுமாக மணற்பாங்கான புல்தரை. அப்பா குனிந்து, பெயர்ந்து கிடந்த ஒரு புல்கட்டியை எடுத்து அடியில் ஒட்டியிருந்த மணலைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது நம்ம குதிரைமொழித் தேரியில்லா! அங்க செவப்பு மணலு, இங்க மேல புல்லு. அம்புட்டுதான்" என்றார். பிறகு, "யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

திருச்செந்தூர்ப் பக்கத்து மனிதர். தேரி என்று சொல்லும், காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகளை நடந்தே அளந்தவர். அவர் சொன்னது முற்றிலும் சரி. 'லிங்க்ஸ்' என்று ஸ்காட்லாந்தில் சொல்வது இப்படிப்பட்ட நிலத்தைத்தான்: கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, உழவுக்கு ஆகாமல், மேய்ச்சலுக்கு விட்ட மணல்தரை. மழை விழுந்தால் தங்காது, தரை இறுகிக் கிடக்கும், பந்து உருண்டுகொண்டே போகும். கோல்ஃப் அங்கே வளர்ந்ததற்கு அதுதான் காரணம்.

யார் பேரில் இருக்கிறது என்ற கேள்விக்கு அன்றிரவு புத்தகத்தைப் புரட்டித்தான் பதில் சொல்ல முடிந்தது. 1552-இலேயே பேராயர் ஹாமில்டன், அந்தத் தரையில் ஆட ஊர்மக்களுக்கு உள்ள உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1797-இல் கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தைக் கைமாற்றிவிட, வாங்கியவர்கள் முயல் வளர்த்தார்கள். முயல் வளை தோண்ட, ஆட்டக்காரர்கள் கொதிக்க, வழக்கு பல ஆண்டு நடந்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற அக்கம்பக்கத்து நிலக்கிழார் வாங்கி மைதானத்தைக் காப்பாற்றினார். 1894-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அது மறுபடி நகரசபைக்கு வந்தது. 1974-இல் இன்னொரு சட்டம், பராமரிக்க ஓர் அறக்கட்டளை. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதை கேட்பதுபோல் கேட்டார். பொறம்போக்கு, ஆக்கிரமிப்பு, மீட்பு. எல்லாம் அவர் பார்த்த கோப்புகள். "பரவாயில்லடே, திரும்ப வாங்கிட்டானுவ" என்றார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்றரை மணிக்கே நான் வரிசையில் நின்றேன். ஆடும் வாய்ப்புக்கான குலுக்கலில் பெயர் கொடுக்கக் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். அப்போதெல்லாம் தனி ஆள் இருட்டிலேயே வந்து நின்று, எந்தக் குழுவிலாவது ஓர் இடம் காலியாக இருந்தால் சேர்ந்துகொள்ளலாம். 2024 முதல் அதற்கும் குலுக்கல் வந்துவிட்டது. முந்தைய நாள் நேரில் போய்ப் பதிந்துவிட்டு வந்தால் போதும். முதியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் ஃபிளாஸ்க் காபியைப் பங்கு போட்டுக்கொண்டு, வெளுக்கும் வானத்தின் கீழ் முன்பின் தெரியாதவர்களோடு நின்ற அந்த மூன்று மணி நேரத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்று பேரோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள். அப்பா கூட நடந்துவந்தார். பதினெட்டாம் குழியை ஒட்டி, போட்டிக்கான இரும்புச் சாரம் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த ஓப்பனுக்காக மைதானத்தை 7,279 கெஜமாக நீட்டியிருந்தார்கள். பதினான்காம் குழி மட்டும் 618 கெஜம். பின்னுக்குத் தள்ளிய அந்தத் தொடக்க மேடைகளில் எங்களுக்கு இடமில்லை, முன்னாலிருந்துதான் அடித்தோம். ஆனால் குழிகளும் மேடுகளும் காற்றும் அதே. காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடினாலும் எனக்குக் கைகால் நடுங்கியது.

பதினேழாம் குழிதான் ரோடு ஹோல். ஓட்டலை ஒட்டிய கொட்டகைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்துத்தான் தொடங்க வேண்டும். கொடி நிற்கும் கிரீனுக்குப் பின்னால் சாலை, சாலைக்கப்பால் கல்சுவர். முன்னால் இடது பக்கத்தில், கிரீனின் இடுப்பைக் கடித்து எடுத்ததுபோல் ஒரு மணல்குழி. அதற்கும் ரோடு பங்கர் என்றே பெயர். சுற்றியுள்ள தரையெல்லாம் அதை நோக்கியே சரியும். பக்கத்தில் வந்த பந்தைக் குழி இழுத்துக்கொள்ளும். என் இரண்டாவது அடி கிரீனுக்குச் சற்று முன்னால் இடதுபுறம் நின்றது. எனக்கும் கொடிக்கும் நடுவே அந்த மணல்குழி.

பந்தைத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் மட்டையை உருவினேன். அப்பா பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "குழிக்கு மேல ஏன் எறியணும்? அந்தா வலது பக்கம் மேடா இருக்கு. உருட்டிவிட்டா சுத்திப் போவும்லா? சுத்திப் போனா என்ன?"

பந்தை உருட்டும் பட்டர் மட்டையை அவர் அதுவரை கையால் தொட்டதில்லை. தேரியில் மழைத்தண்ணீர் எந்த வழியாகச் சரிந்து ஓடும் என்று பார்த்துப் பழகிய கண் அது. அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. "உருட்டினாலும் விழும்ப்பா. 1978-இல் நகாஜிமா என்று ஒரு ஜப்பான்காரர், கிரீனிலிருந்து உருட்டிய பந்தே இதற்குள் விழுந்து, ஒன்பது அடி ஆனது" என்றேன். 2000 ஓப்பனின் கடைசி நாளில் டேவிட் டுவால் இதற்குள்ளிருந்து வெளியேற நான்கு அடி எடுத்ததை நான் சொல்லவில்லை. வெட்ஜால் தூக்கி அடித்தேன். பந்து மணல்குழிக்குள் விழுந்தது. எனக்கும் வெளியே வர நான்கு அடி. கூட ஆடியவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அப்பா பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஜூலையில் நிக்லஸ் மைதானத்திலுள்ள ஸ்வில்கன் பாலத்தில் நின்று கையசைத்து விடைபெற்றார், கடைசிக் குழியை நிர்ணயித்த அளவைவிட ஓர் அடி குறைவாக முடித்து. வுட்ஸ் ஐந்து அடி வித்தியாசத்தில் வென்றார். அப்பா அதற்குள் ஊர் திரும்பியிருந்தார்.

பதினேழு ஆண்டு கழித்து, 2022 ஜூன் தொடக்கத்தில் மறுபடி அங்கே ஆட வாய்த்தது. 150-ஆவது ஓப்பனுக்குச் சாரங்கள் பழையதைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தன. போட்டி நடந்த வாரம் 2,90,000 பேர் வந்தார்கள். பதினேழாம் குழியின் தொடக்க மேடையை 2010-இலேயே நாற்பது கெஜம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு ரோடு பங்கரையும் வலது பக்கமாக அரை மீட்டர் அகலப்படுத்தினார்கள். அது எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லாத காரியம். காற்றும் காலமும் செதுக்கியதை அளவுகோல் வைத்துத் திருத்த வேண்டியதில்லை.

என் பந்து கிட்டத்தட்ட அதே இடத்தில் போய் நின்றது. சாரத்தில் முடுக்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் பட்டரை எடுத்தேன். வலது பக்கத்து மேட்டைப் பார்த்து உருட்டினேன். பந்து ஏறி, தயங்கி, வளைந்து, மணல்குழியின் உதட்டைச் சுற்றிக்கொண்டு கிரீனில் போய் நின்றது. இன்னும் இரண்டு தட்டில் முடித்தேன். என் வாழ்க்கையில் நான் ஆடிய மிக நல்ல அடி அதுதான்.

ஜூலை 17, அந்த ஓப்பனின் கடைசி நாள். கேமரன் ஸ்மித் பின் ஒன்பது குழிகளை முப்பதே அடியில் முடித்த நாள். பதினேழாம் குழியில் அவருடைய இரண்டாவது அடி கிரீனுக்கு முன்னால் இடதுபுறம் நின்றபோது தொலைக்காட்சி முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன். கொடிக்கும் அவருக்கும் நடுவே அதே மணல்குழி. அவர் பட்டரை எடுத்தார். மேட்டில் ஏற்றி, குழியைச் சுற்றி உருட்டினார். மீதி பத்தடி தூரம் போலிருந்ததையும் ஒரே தட்டில் முடித்தார். நிர்ணயித்த அளவைவிட இருபது அடி குறைவாக, ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பை அவருக்கு.

ஊரில் அப்போது நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் அப்பாவைக் கூப்பிட்டேன். எழுபத்தொன்பது வயது, முதல் மணியிலேயே எடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். "நீங்க அன்னைக்குச் சொன்ன வழிதான்ப்பா. நான்தான் கேக்கல" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ரெண்டு லட்சத்துக்கு மேல ஆளு வந்துச்சுங்கிற" என்றார் அப்பா. "அந்தத் தரை இன்னும் ஊர் பேர்லதான இருக்கு?"

"ஆமாப்பா. ஞாயித்துக்கிழமை நாய் கூட்டிட்டுப் போறாங்க."

"சரி" என்றார். "போய்ப் படு."